வட்டாவைப் புளி போட்டு விளக்காதீங்க!

எம்.பி.ஏ. படித்தவர்களை மதிக்கிறேன். எம்.எட். முடித்த எங்கள் ஊர் ஆசிரியர்மார் மேல் எனக்குத் தனி மரியாதையே உண்டு. ஆனாலும் ஒலுவிலில் பிறந்து, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்து, பிறகு பரோடாவில் நூதனசாலையியலில் எம்.ஏ. படித்த ஒருத்தியாக அடித்துச் சொல்கிறேன்: பட்டப்பின் படிப்பென்றால் இதுதான்! கலைப்பீடம் முடித்துவிட்டு, அரசாங்க நியமனம் எப்ப வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் பொத்துவிலிலிருந்து மருதமுனை வரைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தர் காதிலாவது இது விழட்டும்.

நூதனசாலை என்றதும் நமக்கு வருவது பள்ளிக்கூடச் சுற்றுலா ஞாபகம். விடிய முன்னம் பஸ் ஏறி, கொழும்பில் வரிசையில் நின்று, கண்ணாடிப் பெட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு, தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு ஓடியிருப்போம். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் எத்தனை பேருடைய வேலை இருக்கிறது தெரியுமா? பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர் ஒருவர். பதிவேட்டில் ஏற்றுகிறவர் ஒருவர். துருவையும் பூச்சியையும் தடுக்கிறவர், வெளிச்சத்தை அளக்கிறவர், பொருள் சாயாமல் நிற்கத் தாங்கி செய்கிறவர், விளக்கப் பலகை எழுதுகிறவர், பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. அத்தனை வேலையையும் ஒரே கூரைக்குக் கீழே கற்றுத்தருகிற படிப்பு இது. வரலாறும் வேண்டும், இரசாயனமும் வேண்டும், தச்சுவேலையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், தமிழ் நன்றாக எழுதவும் வர வேண்டும். இப்படி மூளைக்கும் கைக்கும் சேர்த்து வேலை வைக்கிற வேறொரு எம்.ஏ.யை நான் கண்டதில்லை.

பரோடாவை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலாக நூதனசாலையியலுக்கென்று ஒரு துறை திறந்தது அங்கேதான், மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில், 1952இல். இங்கிலாந்தின் பேர்போன லெஸ்டர் பல்கலைக்கழகமே இதற்கான துறையை 1966இல்தான் தொடங்கியது. பரோடாப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஹன்ஸா மேத்தா என்ற பெண்மணி. மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வாசகத்தில் ஆண்களை மட்டும் குறிப்பதாகக் கொள்ளக்கூடிய ஆங்கிலச் சொல்லை மாற்றி, மனிதர் எல்லாரையும் குறிக்கிற சொல்லைப் போட வைத்தவர் அவர்தான். பெண்பிள்ளையைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கிக்கொண்டிருந்த வாப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அது நல்ல எடமாத்தான் இருக்கும், போயிட்டு வா மகள்" என்றார்.

நல்ல இடமா? அற்புதமான இடம்! நுண்கலைப் பீடத்தின் மரங்களுக்கு நடுவே வகுப்பு. சாயாஜி பாக் தோட்டத்துக்குள் பரோடா நூதனசாலை. 1887இல் மூன்றாம் சாயாஜிராவ் மன்னர் தொடங்கியது. கட்டடம் எழுந்தது 1894இல். அதில் கைவைத்த ஆர்.எஃப். சிஸம் என்ற கட்டடக் கலைஞர்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் கட்டியவர். உள்ளே எகிப்திய மம்மி இருக்கிறது, அகோட்டாவில் கிடைத்த ஜைன வெண்கலங்கள் இருக்கின்றன, நீலத்திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு இருக்கிறது. நமது கிழக்குக் கடலில் உயிரோடு திரிகிற பிராணியின் எலும்பைக் குஜராத்தில் தலைக்கு மேல் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படியொரு நூதனசாலையை வைத்துக்கொண்டு பாடம் படித்தால் யாருக்குத்தான் பித்துப் பிடிக்காது?

வகுப்பில் எல்லாவிதப் பட்டதாரிகளும் இருந்தார்கள். தாவரவியல் படித்தவர், வரலாறு படித்தவர், சித்திரம் வரைகிறவர். ஆளுக்கொரு கண்ணோடு வந்து உட்கார்ந்து, ஒரே பொருளைச் சுற்றி வாதாடுவோம். அந்த வாதங்களில்தான் நான் பாதி படித்தேன்.

முதல் தவணையிலேயே ஒரு பயிற்சி தந்தார்கள்: வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவந்து அதன் சரித்திரத்தை எழுத வேண்டும். நான் எங்கள் உம்மம்மாவின் வெற்றிலை வட்டாவைக் கொண்டு போயிருந்தேன். பித்தளை, ஒரு கால் சற்றே ஆடும். கலியாண வீடென்றால் அதில் வெற்றிலை அடுக்கி முன்னுக்கு வைப்பார்கள். நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்த்து, கண் கூசுகிற மாதிரி மினுக்கி வைப்பார்கள். நமது ஊர்களில் எந்த வீட்டில் இதைச் செய்யவில்லை?

ஆசிரியை விளக்கை அணைத்தார். ஒரு டோர்ச்சை எடுத்து, வட்டாவின் ஓரத்தோடு ஒட்டிப் பிடித்து, படுக்கை வசமாக வெளிச்சம் பாய்ச்சினார். நேர்வெளிச்சத்தில் வெறும் தகடாகத் தெரிந்த அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து எழும்பியது. உளியால் குத்திப் பொறித்த தமிழ் எழுத்து. உம்மம்மாவின் உம்மாவுடைய பெயர்! அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்த தடம். வாசிக்க முடியாதபடி தேய்ந்து போயிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. நமது கரையில் வீடும் பாத்திரமும் பெண் வழியாகத்தானே இறங்குகின்றன. குடியே தாய்வழியில்தான் வருகிறது. அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்கில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே நமது தாய்வழிக் குடிமுறை பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் எழுதிய விசயத்துக்கு எங்கள் வீட்டுக் குசினியிலேயே ஒரு சாட்சி கிடந்திருக்கிறது. பெண்கள் பெயரால் ஒரு பரம்பரை வரிசை, பித்தளையில்!

அந்த இரண்டாவது பெயரை அழித்தது புளி. அமிலம் பட்டால் பித்தளையில் இருக்கிற துத்தநாகம் முதலில் கரைந்து போகும். மேலே செம்பு மட்டும் இளஞ்சிவப்பாகத் தங்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் ஒரு படை குறையும். பெருநாளுக்குப் பெருநாள் அறுபது எழுபது வருசம் தேய்த்தால் பெயர் எங்கே மிஞ்சும்? உம்மாமாரே, ராத்தாமாரே, உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்: பழைய வட்டா, படிக்கம், கிண்ணம் எதையும் புளி போட்டு விளக்காதீங்க. மெல்லிய துணியால் துடையுங்கள், ஈரம் இல்லாமல் வையுங்கள், போதும். கருத்துப் போனால் போகட்டும். அந்தக் கறுப்புத்தான் அதற்குக் காவல்.

கடற்கரை ஊர்க்காரருக்கு இந்தப் படிப்பு இரட்டிப்பாக வேண்டும். உப்புக் காற்றில் வருகிற குளோரைட், செம்பு கலந்த பொருட்களுக்குள் புகுந்துகொண்டால் வெளிர்பச்சையில் மாவு மாவாகக் கொட்டும். வெண்கல நோய் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் சிலையையே தின்றுவிடும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் இரசாயனப் பாதுகாப்புக்கென்று ஓர் ஆய்வுகூடத்தைத் தொடங்கி, எஸ். பரமசிவன் என்ற தமிழர் மின்பகுப்பு முறையில் வெண்கலச் சிலைகளைக் காப்பாற்றிக் காட்டினார். அது நடந்து கிட்டத்தட்ட நூறு வருசமாகிறது! விடுமுறையில் ஊருக்கு வரும் வழியில் எழும்பூருக்குப் போய், அந்த வெண்கலக் கூடத்தில் காலையிலிருந்து மூடும்வரைக்கும் நின்றிருக்கிறேன். 1851இல் தொடங்கிய இடம். கல்கத்தாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பழைய நூதனசாலை அதுதான். சிவகங்கைப் பக்கம் போகக் கிடைத்தால், 2023இல் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டித் திறந்த கீழடி அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். தோண்டிய ஊரிலேயே பொருளை வைத்துக் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே புரியும்.

படித்ததில் எதைச் சொல்ல, எதை விட! ஏடும் துணியும் வைத்திருக்கிற இடத்தில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது. போன நிறம் திரும்பி வராது. கிழிந்த கிதாபுக்கு செலோடேப் ஒட்டுவது பாவம். ஜப்பானியத் தாளையும் கோதுமை மாப் பசையையும் வைத்துத்தான் ஒட்ட வேண்டும், நாளைக்கு ஒருவர் ஈரம் காட்டிப் பிரிக்கக்கூடிய மாதிரி. பூச்சி பிடித்த நூலைக் காற்றுப் புகாத பொலித்தீனில் சுற்றி, சைபருக்குக் கீழே 20 பாகை குளிரில் ஒன்றிரண்டு கிழமை வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். இதற்கு இலட்சக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வாங்கவேண்டியதில்லை. ஒலுவிலில் மீனுக்கு வைத்திருக்கிற டீப் ஃப்ரீசர் அந்தக் குளிருக்கு இறங்கினால் அதுவே போதும்! இதைக் கேட்ட அன்று எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. நமது பள்ளிவாசல் அலுமாரிகளில் கிடக்கிற அரபுத்தமிழ் ஏடுகளைக் காப்பாற்றத் தேவையான சாமானில் பாதி நமது ஊரிலேயே இருக்கிறது. இல்லாதது தெரிந்த ஆள்தான்.

பதிவிலக்கம் போடுகிற கலையை நான் காதலித்தேன் என்றே சொல்லலாம். பொருளின் கண்ணுக்குப் படாத மூலையில், கழுவி எடுக்கக்கூடிய மெல்லிய மெருகு ஒரு பூச்சு. அது காய்ந்ததும் மேலே நுண்ணிய பேனாவால் 2023.7.2 என்று எழுத்து. அதற்கு மேல் இன்னொரு பூச்சு. 2023இல் வந்தது, அந்த வருசம் வந்தவற்றில் ஏழாவது தொகுதி, அதில் இரண்டாவது பொருள். அவ்வளவுதான். ஆனால் அந்த இலக்கம் விழுந்ததும் அதுவரை அநாதையாகக் கிடந்த பொருளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்த மாதிரி. அதற்குப் பிறகு அது காணாமல் போனால் கேட்க ஆளிருக்கும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் அள்ளிக்கொண்டு போன லெவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருட்கள், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலையிலிருந்து 2023இல் இலங்கைக்குத் திரும்பி வந்தன. எது யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு எப்படிப் போனது என்று பழைய கடிதங்களையும் பட்டியல்களையும் துருவி எடுத்த ஆய்வாளர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. மூல வரலாற்று ஆய்வு என்று இதற்குத் தனிப் பாடமே உண்டு. துப்பறியும் நாவல் வாசிக்கிறவர்கள் இந்தப் பாடத்தில் மூழ்கிப் போவார்கள்!

படித்து முடித்துத் திரும்பி வந்து கொழும்புத் தேசிய நூதனசாலைக்குள் நுழைந்தபோது புதுக்கண்ணோடு நுழைந்தேன். அந்த வெள்ளைக் கட்டடத்தை ஆளுநர் வில்லியம் கிரகரி 1877இல் திறந்து வைத்தார். கட்டியவர் யார்? அரசி மரைக்கார் வாப்புச்சி மரைக்கார், நமது ஆள்! என்ன கைம்மாறு வேண்டும் என்று ஆளுநர் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். அந்த ஏற்பாடு நெடுங்காலம் நடந்தது என்றும் சொல்வார்கள். நாட்டின் முதல் நூதனசாலையை எழுப்பிய கை ஒரு முஸ்லிம் கொத்தனார் தலைவரின் கை என்பதை நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

உள்ளே போனால் காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நாட்டியது. கல்லில் உள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தெய்வமான தென்னாவர நாயனாரை, பாரசீகப் பகுதி இஸ்லாத்தை. 1911இல் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தபோது அது காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தது! வண்டியும் மனிதரும் அதற்கு மேலே போய்வந்திருக்கிறார்கள். புரட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வரும்வரைக்கும் ஒரு கல் என்ன செய்யும்? இந்த ஒரு கல்லுக்காகவே நான் எம்.ஏ. படித்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

ஊருக்கு வருகிறேன். ஒலுவிலிலிருந்து வடக்கே பஸ் ஏறுங்கள். நிந்தவூர் தாண்டினால் காரைதீவு, விபுலாநந்த அடிகள் பிறந்த மண். கையில் ஒரு யாழ்கூட மிஞ்சாத காலத்தில், பழந்தமிழ் நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு யாழ் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்ட மனிதர் அவர். தொலைந்த பொருளை எழுத்திலிருந்து மீட்டெடுப்பது நூதனசாலைக்காரரின் வேலை. இந்தக் கரையில் அதற்கு அவர்தான் மூத்தவர். அப்பால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி, சாகுல் ஹமீது வலியுல்லாஹ் பேரால் கொடி ஏறுகிற இடம். பிறகு மருதமுனை, தறிச்சத்தம் கேட்ட தெருக்கள். அந்தத் தறிகளில் ஒன்றை, நூல் கோத்தபடி, ஓடத்தோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தால் எப்படியிருக்கும்! இன்னும் போனால் காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை. ஆளுயர உருவங்களாக நமது வாழ்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிள்ளை அந்த உருவங்களை விட்டு நகராது. தமிழ் பேசும் முஸ்லிம்களின் கதையை நமது மாகாணத்திலேயே இப்படி ஓர் இடத்தில் காண முடிகிறதே, அதற்காகவே நான் அங்கே திரும்பத் திரும்பப் போகிறேன். ஒலுவிலிலிருந்து மேற்கே உள்ளுக்குப் போனால் தீகவாபி. அங்கேயும் தொல்பொருள் நூதனசாலை உண்டு. அயலவரின் சரித்திரத்தையும் மரியாதையோடு பார்க்கப் பழக்குகிறது இந்தப் படிப்பு. நமது பிள்ளைகளுக்கு அது அவசியம் வேண்டும்.

இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல், இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மனிதரே போன இடத்தில் பொருளைப் பற்றிப் பேசக் கூடாது என்று நெடுநாள் நாங்கள் பேசவில்லை. ஆனால் காணி உறுதிகள், கலியாணப் படங்கள், கிதாபுகள், கரைவலைத் தோணிகள் என்று ஒரு கரையின் நினைவும் அன்றைக்குச் சேர்ந்தே போனது. மிஞ்சியதையாவது படம் பிடித்து, இலக்கம் போட்டு, எழுதி வைக்க வேண்டாமா? களவெட்டியில் சூடு மிதித்த காலத்துச் சாமான்கள், மரைக்கால், பன்பாய், பொல்லடிக் கம்பு எல்லாம் இப்போது எந்தப் பரணில் கிடக்கின்றன என்று சொல்லத் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

தொழில் கிடைக்குமா என்பதுதான் எல்லாப் பெற்றோருடைய கேள்வியும். கிடைக்கும். தேசிய நூதனசாலைகள் திணைக்களம், தொல்பொருளியல் திணைக்களம், 1980இல் வந்த மத்திய கலாசார நிதியம் ஆகியவை அரசாங்கப் பக்கம். கடுகண்ணாவையில் ரயில் நூதனசாலை, ஹந்தானையில் தேயிலை நூதனசாலை, கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் நாணய நூதனசாலை என்று துறைவாரியான இடங்கள் வேறு. மும்மொழியில் விளக்கப் பலகை வைக்கவேண்டிய நாடு இது. ஓரிடத்தில் தமிழ்ப் பலகையை வாசித்து, பிழைகளைப் பார்த்து, எனக்கு அழுகையே வந்தது. நல்ல தமிழும் பொருளறிவும் சேர்ந்த ஒருவருக்கு அங்கே எவ்வளவு வேலை இருக்கிறது!

வளைகுடாவைப் பாருங்கள். நமது வீடுகளிலிருந்து ட்ரைவராகவும் கடைக்கும் போகாத பிள்ளை உண்டா? அதே தோஹாவில் 2008இல் இஸ்லாமியக் கலை நூதனசாலை திறந்தது, 2019இல் கத்தார் தேசிய நூதனசாலை. அபுதாபியில் 2017இல் லூவ்ர். சார்ஜாவில் இஸ்லாமிய நாகரிக நூதனசாலை. அரபு தெரிந்த, ஏடு கையாளத் தெரிந்த, பதிவேடு எழுதத் தெரிந்த ஆட்களை இவை தேடுகின்றன. நாட்டிலேயே இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப்பீடம் வைத்திருக்கிற பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. அங்கே படித்த பிள்ளை மேலே இந்த ஒரு எம்.ஏ.யையும் சேர்த்துக்கொண்டால் யார் முந்த முடியும்? கணினிப் பக்கம் கை போகிறவர்களுக்கு எண்ணிம ஆவணப்படுத்தல் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் ஏற்றிக்கொண்டே வருகிறது. அதன் பக்கங்களைத் திறந்து பார்த்தாலே இந்தத் துறையின் வீச்சு விளங்கிவிடும்.

சம்பளம் வங்கி மேலாளருடையது மாதிரி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் வேலைக்குப் போக மனம் துள்ளுகிறதே, அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

போகிற வழிகளைச் சொல்கிறேன். வெளிநாடு வேண்டாம் என்றால் களனிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தொல்பொருளியல் பட்டப்பின் படிப்பு நிறுவனம் கொழும்பு 7இல் இருக்கிறது. 1986இல் தொடங்கியது, தொல்பொருளியலும் மரபுரிமை முகாமைத்துவமும் படிக்கலாம். வீட்டிலிருந்தபடி படிக்க வேண்டுமானால் லெஸ்டரின் தொலைக்கல்வி எம்.ஏ. உண்டு, செலவு கூட. பரோடாவைப் போலவே கல்கத்தா, அலிகார், பனாரஸ் பல்கலைக்கழகங்களிலும் இந்தத் துறை இருக்கிறது. முதுநிலைப் படிப்புக்கு மௌலானா ஆசாத் பேரிலான புலமைப்பரிசிலை இலங்கை மாணவருக்காகக் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிப்பது வழக்கம். படிப்புக் கட்டணத்தோடு மாதக் கொடுப்பனவும் தருவார்கள். அறிவிப்பு வந்தபிறகு ஓடித்திரிய நேரம் காணாது. பட்டச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, கடவுச்சீட்டு, இரண்டு விரிவுரையாளர்களின் சிபாரிசுக் கடிதம் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.